மாமியார் ஊற்றும் மருந்து

குடுவையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "என்னங்கடி, ராத்திரி சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமியார் நாற்காலியில் உட்கார்வார்.

உள்ளே இருப்பவை நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்கள். எப்போதோ ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்தவை, ஆய்வகத்தில் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவை மிதக்கும் சத்துநீர் இளஞ்சிவப்பு. தின்று பெருகினால் மஞ்சளாகும். இளஞ்சிவப்பாகவே நின்றால் மாமியாருக்கும் அன்று காப்பி இறங்காது.

கல்யாணமே ஆகாதவருக்கு இந்தப் பட்டப்பெயரை வைத்தது அடுத்த மேசைத் தம்பி. செல்களுக்கு அவர் புற்றுநோய் மருந்தைத் துளித்துளியாகக் கூட்டிக் கொடுப்பது, மாமியார் மருமகளைக் கொஞ்சங்கொஞ்சமாக வாட்டுவது போலிருக்கிறதென்று வைத்தான். "ஒரேயடியா ஊத்தினா எல்லாம் செத்துப்போகும். கொஞ்சங்கொஞ்சமா குடுத்தா தாக்குப்பிடிக்கிறது மட்டும் மிஞ்சும். அதுகிட்டதான் கேக்கணும், மருந்து ஏன்டி உன்கிட்ட பலிக்கலன்னு," என்பார். அது தெரிந்தால்தான் மருந்து கேட்காத நோயாளிகளுக்கு வேறு வழி தேட முடியும்.

புட்டி கழுவும் நான் பார்த்தவரை அவரைப்போலச் சுத்தக்காரர் கிடையாது. தம்பி நீட்டிய பிஸ்கட் பொட்டலத்தையே ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் பிரித்தார். அவருடைய குடுவைகளில் போன மாதம் பூஞ்சை புகுந்தது. ஒரு வருடத்துக்கும் மேலான பாடு. பிளீச் ஊற்றி அவரே எல்லாவற்றையும் கொட்டினார்.

மிஞ்சியது, அதே செல்களை முன்னெச்சரிக்கையாக உறையவைத்திருந்த ஒரே குப்பி. அதை அவரே வெதுவெதுப்பான நீரில் உருக்கினார். செல்கள் பிழைத்துக்கொண்டன. ஆனால் மருந்தைத் தாங்கும் பழக்கம் போய்விட்டதா, இருக்கிறதா? மறுபடி ஊற்றினால்தான் தெரியும். ஊற்றினார். "மானத்த வாங்கிடாதீங்கடி," என்று, செல்களை உடல்சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைச் சாத்தினார். அதன்பின் சில நாள் அந்தக் கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று காலை குடுவை மஞ்சளாக இருந்தது. அவர் அதை நம்பவில்லை, பூஞ்சை தின்றாலும் மஞ்சளாகலாமே என்று பயம். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது மூக்கு சிவந்திருந்தது, வாய் சிரித்தது. "திராட்சைக் கொத்து மாதிரி கூடி உக்காந்திருக்காளுங்க."

"கேன்சர் பொழச்சதுக்குச் சிரிக்கிற ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான், மாமியாரே," என்றான் தம்பி.

"வாய மூடு. கண்ணு பட்டுடும்."

பாதியை உறையவைக்கப் பல குப்பிகளில் பிரித்து எடுத்துவைத்தார். பிறகு மீதிக்கு, போன தடவையைவிடத் துளி கூடுதலாக மருந்தைக் குழலில் உறிஞ்சி, அதன் நுனியைக் குடுவையின் வாய்க்குள் நீட்டினார்.