பூச்சட்டி லேபிளும் கறுத்த திரையும்

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மதியம் என் கணினித் திரை கறுத்துப்போனது. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சிடும் அச்சகம் ஒன்றில் நான்தான் டிசைனர். வைரஸ் ஒருமுறை கோப்புகளையெல்லாம் கெடுத்துவிட்ட பிறகு, முதலாளி அண்ணாச்சியிடம் பேசிப் பேசி அந்தக் கணினியை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றியவளும் நான்தான். அதனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

காலையில் லினக்ஸுக்கு அப்டேட் போட்டிருந்தேன். சாப்பிட்டு வந்து கணினியை மறுபடி ஆன் செய்ததும்தான் அது வேலையைக் காட்டியது. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டை இயக்க, அதைத் தயாரித்த கம்பெனியே கொடுத்த டிரைவர் என்ற மென்பொருள் இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வெளியாட்கள் பார்க்க முடியாத டிரைவர். புதிய லினக்ஸோடு அது சேரவில்லை.

"நேத்து ஆர்டர்காரருக்குக் காட்டுன காப்பி பென்டிரைவுல இருக்குல்ல, அதையே அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பிரு. மிசின் சும்மா நிக்குது" என்றார் அண்ணாச்சி.

அப்போது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அது பூச்சட்டி, அதாவது தரையில் வைத்துக் கொளுத்தும் புஸ்வாணத்துக்கான லேபிள். எச்சரிக்கை வரிகளைப் பழைய கம்பி மத்தாப்பு லேபிளிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன். 'கையை நீட்டிப் பிடித்துக் கொளுத்தவும்' என்ற வரியும் கூடவே வந்துவிட்டது. காலையில்தான் கண்ணில் பட்டது. சாப்பிட்டு வந்து திருத்தலாம் என்று விட்டிருந்தேன்.

"பூச்சட்டியக் கையில பிடிக்கச் சொல்லுதா?" அண்ணாச்சியின் குரல் இறங்கிவிட்டது. "ஆர்டர்காரரும் பாத்துட்டு ஓகேன்னாரே!"

"யாரும் வாசிக்கல அண்ணாச்சி. நானும்தான்."

பக்கத்து ஊர் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் என் அக்கா பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிறாள். அது கைக்குள் வெடித்தால் என்ன ஆகும் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

திருத்தக்கூடிய மூலக் கோப்பும் அதற்கான மென்பொருளும் அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தன. அண்ணாச்சி சர்வீஸ்காரரைப் போனில் கூப்பிட்டார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுருதேங்கான். ஒரு மணி நேரத்துல வாரானாம்."

"அழிச்சா இந்த லேபிளும் போயிரும் அண்ணாச்சி. அவரு வர்ற வரைக்கும் எனக்கு விடுங்க."

"வந்துட்டான்னா நீ எந்திரிச்சிரணும்."

வெறும் எழுத்து மட்டும் தெரியும் திரைக்கு விசைகளை அழுத்திப் போனேன். பழைய லினக்ஸுக்குத் திரும்பலாம் என்றால், இடம் போதவில்லையென்று பழையதை வைத்துக்கொள்ளாதபடி போன மாதம்தான் அமைத்திருந்தேன். மிஞ்சியது ஒரே வழி. லினக்ஸுக்குள்ளேயே இன்னொரு டிரைவர் உண்டு. யார் யாரோ பொதுவில் எழுதித் திருத்திவரும் திறந்த டிரைவர். மெதுவானது என்று நான் ஒதுக்கி வைத்திருந்தது. கம்பெனி டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஆன் செய்தேன்.

திரை கறுப்பாகவே இருந்தது.

அண்ணாச்சி பின்னாலேயே நின்றார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. போனில் தேடியபோது, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிவைத்திருந்த குறிப்பு கிடைத்தது. கம்பெனி டிரைவர் போனாலும், திறந்த டிரைவரைத் தடுக்கும் ஒரு வரியை விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்றிருந்தது. தேடினேன். ஒரு சின்னக் கோப்பில் அந்த வரி இருந்தது. அதை அழிக்கும்போது வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது.

சர்வீஸ்காரர் பையோடு உள்ளே வந்தார். "எந்திரிக்கீகளா அக்கா?"

"இந்த ஒரு தடவ மட்டும்" என்று மறுபடி ஆன் செய்தேன். மூன்று பேரும் திரையையே பார்த்தோம். கறுப்பு. பிறகும் கறுப்பு. அப்புறம் திரை வெளுத்து, எழுத்துகள் ஒன்றொன்றாக வந்தன.

லேபிளைத் திறந்தேன். படம் நகர்வதற்குத் திணறியது, பரவாயில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, 'தரையில் வைத்து, எட்டி நின்று கொளுத்தவும்' என்று அடித்தேன். அண்ணாச்சி மிசின்காரரைக் கூப்பிட்டு, தொடக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கச் சொன்னார். அவர் எழுத்துக்கூட்ட, நான் ஒவ்வொரு வரியையும் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன்.

"இம்புட்டு நாளா இத ஏன் வாசிக்காம விட்டோம்?" என்று அண்ணாச்சி கேட்டார். நான் லேபிளைப் பிளேட்டுக்கு அனுப்பினேன்.

திறந்த டிரைவரை நான் மாற்றவில்லை. திணறல் குறித்து எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது: இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று. இந்த முறை முதலில் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துவிட்டுத்தான் போட்டுப் பார்த்தேன்.