இருபத்துமூன்று பற்றரிகளும் ஒரு சின்ன அறையும்

மோட்டார் சைக்கிள் பற்றரியைக் குளிரிலிருந்து காப்பாற்றுவது சுலபம். சொந்தக்காரரிடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம். கராஜில் ஒன்றை விட்டுவிட்டு ஏப்ரல் வரை கவலைப்படுகிறவர்களுக்கு இது தெரியும்.

அன்று ஏப்ரல் மாதச் சனிக்கிழமை, ஸ்காபரோவில் எங்கள் மோட்டார் சைக்கிள் கடையில் இருந்தவர்கள்: முதலாளி நேசன், கவுண்டரில் அவர் தங்கை மாலா, யோகன், சிவம், குகன் என்று வாடிக்கையாளர் மூவர், மூலையில் பற்றரி பார்க்கும் நான். ஆறு பேர்.

பனிக்காலத்தில் கழற்றித் தந்த பற்றரிகள் இருபத்துமூன்றைப் பின்னறைப் பலகையில் வைத்து, வெள்ளிதோறும் அளந்து கொப்பியில் எழுதினேன். 12.4 வோல்ட்டுக்கு இறங்கினால் சின்னச் சார்ஜரில் போடுவேன். நேசனுக்கு அந்த அறை ஹெல்மெட் அடுக்கத் தேவை. ஒக்டோபரிலேயே சொல்லிவிட்டார்: "இருபத்துமூண்டும் ஸ்டார்ட் ஆனால் அறை உங்களுக்கு. ஒண்டு பிழைச்சாலும் எனக்கு."

அன்று காலைவரை இருபதைச் சொந்தக்காரர் வந்து எடுத்துப் போயிருந்தார்கள். இருபதும் ஸ்டார்ட். யோகனும் சிவமும் பற்றரி இல்லாத தங்கள் வண்டிகளை அன்று ட்ரக்கில் ஏற்றி வந்திருந்தார்கள்.

பூசை வெளிச்சம்

யோகன் தன் வண்டிக்கு ஆயுத பூசை செய்தபோது முன் லைற்றையும் போட்டிருக்கிறார். கும்பிட்டு, கடலை தின்று, படுக்கப் போய்விட்டார். லைற் விடியும்வரை எரிந்திருக்கிறது. மறுநாள் சந்தனப் பொட்டோடு வந்த பற்றரியில் உயிர் இல்லை. நிறைந்த பற்றரி இந்த ஊர்க் குளிரில் உறையாது. வெறும் பற்றரி உறைந்து வெடிக்கும். இரண்டு நாள் மெதுவாக ஏற்றி, ஒரு நாள் ஆறவிட்டு, பிறகுதான் பலகையில் ஏற்றினேன். பொட்டை அழிக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை ஸ்டார்ட் பொத்தானின் முதல் அமுக்கிலேயே வண்டி உறுமியது. யோகன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பூசை செய்த வண்டி அண்ணை, பிழை விடுமே?"

ஞாயிறு ஐந்து நிமிடம்

யூனியன்வில் சிவம் முந்திய இரண்டு பனிக்காலமும் ஞாயிறுதோறும் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டவர், பற்றரி சார்ஜ் ஆகும் என்று. ஸ்டார்ட் செய்ய எடுத்ததை அந்த ஐந்து நிமிடம் திருப்பிக் கொடுக்காது. இரண்டு பற்றரி போனபின் மூன்றாவதை, ஒக்டோபரில் அவரோடு கடைக்கு வந்து, அவர் மனைவியே என்னிடம் தந்தார்.

அன்று சிவம் அமுக்கினார். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினார். நேசன் பின்னறைச் சுவரை அளப்பதுபோலப் பார்த்தார். கொப்பியில் 12.7. திரும்ப அளந்தேன், 12.7. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. போய், கைபிடியில் இஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுவிட்சைப் பெருவிரலால் மறுபக்கம் தள்ளிவிட்டு, அமுக்கச் சொல்லிக் கை காட்டினேன். வண்டி அலறியது.

"உந்தச் சுவிட்சை ஆர் நிப்பாட்டினது?" என்றார் சிவம். கவுண்டரிலிருந்து மாலா சொன்னா: "நீங்கள்தான், ஒக்டோபரில. அண்டைக்கும் ஆர் நிப்பாட்டினது எண்டுதான் கேட்டனீங்கள்."

கடைசிப் பற்றரி

டோர்செட் பார்க் குகன் தன் பற்றரியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தவர். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுத்து, "எத்தினை அண்ணை?" என்று கேட்பார். எத்தனை வோல்ட் என்று சொல்வேன். வைத்துவிடுவார்.

அன்று பஸ்சில் வந்திருந்தார். வண்டி எங்கே என்றேன். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் மனைவி அதை விற்றுவிட்டாவாம். வாங்கினவன் புதுப் பற்றரி போட்டுக்கொண்டானாம். "பிறகேன் ஒவ்வொரு வெள்ளியும் கேட்டனீர்?" என்றேன். "அவ மனம் மாறினாலும் மாறுவா, அண்ணை. உதை வைச்சிருங்கோ."

நேசன் கொப்பியை வாங்கிப் பார்த்தார். "இது ஸ்டார்ட் ஆகவும் இல்லை, ஆகாமல் விடவும் இல்லை. முடிவு தெரியாமல் நான் எப்பிடி அறையை எடுக்கிறது? அதுவரை அறை உங்களிட்டயே இருக்கட்டும் அண்ணை, அடுத்த விண்டருக்கும் பற்றரி எடுங்கோ."

வந்தவை இருபத்துமூன்று, ஸ்டார்ட் ஆனவை இருபத்திரண்டு, என் அறையைக் காப்பாற்றியதோ வண்டியே இல்லாத மிச்சம் ஒன்று.