ஆறிப்போன டீ

கண்ணுகளா, போன் கார்டு வாங்க, நான் வேலை பார்க்கும் இந்த வளைகுடா ஊரின் ரோலா கடைத்தெருவுக்குப் போனபோது, பக்கத்துச் சீன டீக்கடையில் ஒரு பெரியவர் அவர்கள் பாஷையில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்திருக்கையில் மரக்கட்டையால் மேசையைத் தட்டி நிறுத்தினார். ஒருவர் எழுந்து மரியாதையாக டீ ஊற்றிய பிறகே தொடர்ந்தார்.

உங்கள் தாத்தாவும் அப்படித்தான். ஊர் டீக்கடையில் ராஜா கதை சொல்வார். எதிரி கத்தியை ஓங்கும்போது காலி டம்ளரைப் பெஞ்சில் தட்டி நிறுத்துவார்.

"என்ன மாமா, ஓசி டீ வந்தாத்தான் ராஜா பொழைப்பாரா?" என்று சிரிப்பார்கள். தாத்தாவும் சிரிப்பார். சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வெட்கத்தில் முகமெல்லாம் எரியும்.

ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். வந்த டீயைத் தொடாமல் எழுந்தார். அப்புறம் அங்கே கதையே சொல்லவில்லை. இப்போது நினைத்தால் எனக்குத்தான் கூசுகிறது.

ரோலாவிலிருந்து திரும்பியபோது ரூமில் யாருமில்லை. டீ போட்டு, எதிர்க் கட்டிலருகே தாத்தாவுக்கென்று ஒரு டம்ளரை வைத்துவிட்டு, அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.