ஓடாத நல்ல காரும் ஓடிய ஓட்டைக் காரும்

முத்தையன்கட்டில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் ஒரு யப்பான் கார் இரண்டு வருடங்களாக நின்றது. அப்பா உயிரோடு இருந்தபோது வாங்கியது. ஒருநாளும் நடுவழியில் நின்று எங்கள் மானத்தை வாங்காத கார். ஆனால், போரினால் பாதை பூட்டி, வன்னிக்குள் பெற்றோல் மருந்துப் போத்தல்களில் விற்கப்பட்ட காலம் அது. அந்தக் காருக்கோ பெற்றோலைத் தவிர வேறெதுவும் ஒத்துவராது. அதனால் கோழிகள் அதன் கீழே முட்டையிட்டன. ஆசிரியையான நான் அதன் பின் சீற்றில் இருந்து பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்தினேன்.

அக்கா மருத்துவிச்சி. மாரி மழையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு பிரசவங்களுக்குப் போய்வருவாள். ஒருநாள் முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்று சொன்னாள்:

"முள்ளியவளையில மரம் அரிஞ்சு விக்கிற ஒரு மரக்காலைக்காரர் மண்ணெண்ணையில ஓடுற கார் வைச்சிருக்கிறாராம். எங்கட காரைக் குடுத்தா அதையும் தந்து, மேலதிகமா ஒரு கறவைப் பசுவும் தாறாராம்."

அம்மா சுளகைக் கீழே வைத்தார். "அப்பா பாத்துப் பாத்து வேண்டின காரைக் குடுத்துப்போட்டு ஒரு தகரப் பேணியை வேண்டவோ?"

"தகரப் பேணி ஓடுதம்மா."

அடுத்த ஞாயிறு காலை மரக்காலைக்காரர் அந்தக் காரிலேயே வந்து இறங்கினார். அது அக்காவை விட வயது கூடிய இங்கிலீஷ் கார். ஒரு கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. எஞ்சின் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் தொங்குவதுபோலவே ஒரு சேலைன் போத்தல் குழாயோடு தொங்கியது. உள்ளே கொஞ்சம் பெற்றோல்.

"ஸ்ராட் பண்ண மட்டும் சொட்டுச் சொட்டாப் பெற்றோல் குடுக்கோணும் தங்கச்சி. சூடேறினாப் பிறகு மண்ணெண்ணைக்கு மாத்திவிடலாம்," என்று அவர் விளக்கினார். "ஆனா சொட்டைச் சரியா வைக்கிறதுதான் கஷ்டம்."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "தள்ளுங்கோ அண்ணை. இது என்ர வேலையெல்லோ!"

குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சில்லை விரலால் உருட்டி, பெற்றோல் சொட்டுகளை நோயாளிக்கு எண்ணுவதுபோல எண்ணினாள். கார் இருமியது, செருமியது, பிடித்துக்கொண்டது. முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. கோழிகள் மாமரத்தில் ஏறிவிட்டன.

"வற்றாப்பளை அம்மன் கோயில் வரைக்கும் ஓடிப் பாப்பம்," என்றாள் அக்கா. கோயில் என்றதும் அம்மாவும் நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு வந்து ஏறினார். "நான் கும்பிட வாறன். கார் பாக்க இல்லை."

ஸ்ரேரிங்கைப் பிடித்து இரண்டு வருடமாகியிருந்த அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் நாங்கள் கூரையில் முட்டினோம். முதல் மூன்று பள்ளங்களுக்கும் அம்மா "முருகா" என்றார். நாலாவது பள்ளத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் வந்தது. முன்னால் இருந்த மரக்காலைக்காரர் பயந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

தண்ணீரூற்றுச் சந்திக்குக் கிட்டக் கார் நின்றுவிட்டது. அவரும் நானும் இறங்கித் தள்ளினோம். அது அசையவில்லை. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கைகொடுத்தார். கார் சட்டென்று பிடித்து ஓடத் தொடங்கியது.

"நிப்பாட்டினா எஞ்சின் நூந்துபோகும்! ஓடி வந்து ஏறுங்கோ!" என்று அக்கா கத்தினாள்.

நாங்கள் மூவரும் றோட்டில் ஓடினோம். மரக்காலைக்காரர் முன்னால் தாவிவிட்டார். நான் அம்மாவைப் பின்னால் நெல்லுமூட்டையைப் போலத் தள்ளி ஏற்றிவிட்டு நானும் பாய்ந்தேன். அம்மாவின் ஒரு செருப்பு றோட்டிலேயே கிடந்தது.

"அம்மா, செருப்பு!"

"போனாப் போகுது, விடு பிள்ளை!" அம்மா கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "நிப்பாட்டாதை, ஓட்டு!"

கோயில் வாசலில் ஒற்றைச் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனவர், கும்பிட்டு முடித்து, விபூதியோடு வெளியே வந்தார். அக்கா மெல்லக் கேட்டாள்: "என்னம்மா சொல்லுறியள்?"

அம்மா மரக்காலைக்காரரை நேராகப் பார்த்தார். "பசுவோட கண்டும் வருமோ?"

அவர் அம்மாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "ஓம் அம்மா. கண்டும்தான்."

பசுவையும் கன்றையும் கொண்டுவந்து கட்டிவிட்டு அவர் எங்கள் காரை எடுத்துப்போன காட்சியை நான் மறக்கமாட்டேன். பெற்றோல் இல்லாததால் ஒரு சோடி மாடு பூட்டி இழுத்துப் போனார். வெள்ளைச் சேட்டுப் போட்டு அவர் ஸ்ரேரிங்கைப் பிடித்திருக்க, அவருடைய மனைவி பின் சீற்றில் புதுப்பெண்போல இருந்தார். ஒழுங்கை முடக்கில் மாடுகள் திரும்பியபோது அவர் கையை வெளியே நீட்டிச் சிக்னல் காட்டினார். அயலட்டைச் சனம் கைதட்டியது.

"அண்ணை, ஓடாத காரை வைச்சு என்ன செய்யப்போறியள்?" என்று அக்கா கூப்பிட்டுக் கேட்டாள்.

"தைக்குள்ள பாதை திறக்கும் தங்கச்சி! முதல் ஆளாக் கொழும்புக்குப் போறது நான்தான்!"

அந்தத் தைக்குப் பாதை திறக்கவில்லை. அதற்கடுத்த தைக்கும் இல்லை. ஆனால் அன்று அவர் சொன்ன விதத்தில் நாங்களும் நம்பிவிட்டோம்.

அந்த மாரி முழுக்க அக்கா மண்ணெண்ணெய்க் காரில்தான் பிரசவங்களுக்குப் போனாள். சட்டை, தலைமயிர், மருந்துப் பெட்டி எல்லாம் மண்ணெண்ணெய் மணத்தன. எங்களுக்குச் சோறும் அப்படித்தான் மணத்தது. ஒருநாள் ஒட்டுசுட்டானில் ஒரு பெண் முதல் பிள்ளையைப் பெற்றுக் களைத்துப் படுத்திருந்தாள். அக்கா மன்னிப்புக் கேட்பதுபோல, "மணம் வயித்தைப் பிரட்டுதோ?" என்று கேட்டாளாம்.

"இல்லையக்கா," என்றாளாம் அந்தப் பெண். "வேலிக்கு அங்கால அந்த மணம் வந்த உடனதான் எனக்குப் பயம் போனது."