வாசலில் வைத்த துப்பாக்கி

இது நடந்தது. லெட்சுமணன் கதை கட்டுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால்கூட, வீட்டுக்குள் நுழைந்ததும் தானே சொல்லி அடி வாங்கிக்கொள்கிற ரகம். அப்பேர்ப்பட்டவன் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மாசித் தேர் அன்று மாத்தளையில் எதைப் பார்த்தானோ, அதை அப்படியே சொல்கிறேன். பேய் என்றாலே சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அன்று மத்தியானம் வரைக்கும் அவனும் சிரித்தவன்தான்.

டவுனில் எல்லோருக்கும் அக்காவான ஜெஸீமா ராத்தா ஒரு கம்யூனிகேஷன் கடை வைத்திருந்தார். முன்னால் டெலிபோனும் போட்டோகொப்பியும், பின்னறையில் நாலு பழைய கம்ப்யூட்டர். டவுனுக்கு மேலே மலையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்த லெட்சுமணனுக்கும் பழனிமுத்துவுக்கும் அந்தப் பின்னறைதான் உலகம். அங்கே ஒரு கேம் இருந்தது. செவ்வாய்க் கிரகத்தில் இரும்புச் சட்டை போட்ட வீரர்கள் எந்திரப் பூதங்களைச் சுட்டுத் தள்ளுவார்கள். பெயர் எழுதாத சீடியில் வந்த கேம். அப்போதே அது பழசு.

லெட்சுமணன் விளையாடுவதோடு சரி. பழனி அதை உடைத்து உள்ளேயே புகுந்துவிட்டான். படத்தை மாற்றினான், சத்தத்தை மாற்றினான், புதுப் புது இடங்களைக் கட்டினான். 'மொட்' என்று அதற்கு ஒரு பெயர் சொன்னான். ஆறேழு மாதத்தில் செவ்வாய்க் கிரகத்தில் அவர்களுடைய லயம் எழும்பி நின்றது. தகரக் கூரை, தண்ணீர்ப் பீலி, கொழுந்து நிறுக்கிற மடுவம், எல்லாம் அச்சு அசலாக. பூதங்களின் தலைவனுக்குப் பெரிய கங்காணியின் மீசையை ஒட்டியிருந்தான். அதைச் சுடுவதற்கென்றே தோட்டத்துப் பையன்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

கூடவே ஓடிவருகிற வீரனுக்குத் தன் குரலையே கொடுத்தான் பழனி. விளையாடுகிறவனுக்கு உயிர் குறைந்தால் பழனியின் அம்மா காத்தாயி கூப்பிடுவாள்: "சோறு ஆறுது, வாடா." அவளுக்கே தெரியாமல் பதிந்த குரல் அது. கேமை மூடும்போது வீரன் விடைபெற வேண்டுமே, அதற்குப் பழனி வீட்டில் வைத்துத் தன் போனில் முதலில் "போறேன்டா லெச்சு" என்று பதிந்தான். அடுப்படியிலிருந்து காத்தாயி கரண்டியோடு வந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில், நல்ல வீட்டில் நின்றுகொண்டு, போறேன் என்பானா ஒருத்தன்? வாயிலேயே ஒன்று போட்டாள். பழனி சிரித்துக்கொண்டே லெட்சுமணன் கண் முன்னால் அதை அழித்துவிட்டு, "போயிட்டு வாரேன்டா லெச்சு" என்று மாற்றிப் பதிந்தான். அதற்குப் பிறகு யார் விளையாடினாலும் கேம் அவர்களை லெச்சு என்றுதான் கூப்பிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேமில் லயத்தின் எல்லாக் கதவும் திறக்கும். கடைசிக் கதவு மட்டும் திறக்காது. அது பழனியின் வீடு. கதவே இல்லை அது, சுவரில் வரைந்த படம். ஏன்டா என்று கேட்டதற்கு, "நம்ம வீட்டுக்குள்ள வெடி வேணாம்டா. அம்மா இருப்பாங்க" என்றான்.

இரண்டாயிரத்து ஏழில் பழனி கொழும்புக்குப் போனான். கம்ப்யூட்டர் கடையில் வேலை, லொட்ஜில் தங்கல். ஒரு மாதம் போன் வந்தது. பிறகு வரவில்லை. யுத்தம் நடந்த அந்தக் காலம் உங்களுக்குத் தெரியும்தானே. காலையில் இருந்த பையன் மாலையில் இருக்க மாட்டான், கேட்டால் யாருக்கும் தெரியாது. காத்தாயி ஏறாத படி இல்லை. கடைசியில் அழுகிறதுக்குக்கூட தெம்பில்லாமல் வந்து கொழுந்து எடுக்கப் போனாள். லெட்சுமணன் அந்தக் கேமைத் திரும்பத் தொடவில்லை. மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை தேடிக்கொண்டான்.

காத்தாயி மட்டும் தினமும் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டு வந்தாள். மகனுடைய தட்டில் சோறு, ஓரத்தில் தேங்காய்ச் சம்பல். சம்பலில் கிடக்கும் காய்ந்த செத்தல் மிளகாய்த் தோலைப் பொறுக்கி, தட்டின் விளிம்பில் வரிசையாக நிறுத்துவது பழனியின் பழக்கம். என் பட்டாளம் என்பான். ராத்திரி வரை அந்தத் தட்டு மூடியே இருக்கும். பிறகு அவளே கொண்டுபோய் நாய்க்கு வைப்பாள்.

தேர் நடந்த அந்த வருஷம் உறவுக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். வருகிற அமாவாசைக்கு பழனிக்குக் கருமாதி செய்ய வேண்டும், செத்த பிள்ளை தண்ணியில்லாமல் அலையக் கூடாது என்றார்கள். உசிரோடு இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியுமா என்று காத்தாயி கத்தினாள். தேருக்காக ஊருக்கு வந்த லெட்சுமணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வெளையாட்டுல அவங் கொரலு இருக்கில்ல? ஒருக்கா கேக்க வைப்பா. கேட்டா எனக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்று லெட்சுமணன் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

தேர் அன்று ஜெஸீமா ராத்தா கடையைப் பூட்டிவிட்டு, தேர் பார்க்க வந்தவர்களுக்கு ரோட்டோரத்தில் தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டுத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாவியைத் தூக்கிப் போட்டார். பழனியின் மெஷின் மூலையில் அப்படியே இருக்கிறதாம். லெட்சுமணன் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்தான்.

பின்னறையில் இருட்டு. லைட் சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை. பல்பு போயிருக்கும். மின்விசிறியும் சுற்றவில்லை. வேர்வை முதுகில் வழிந்தது. மெஷினின் பொத்தானை அழுத்தினான்.

வந்தது.

எப்போதும் அது எழும்ப ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். இன்றைக்கு அழுத்திய கையோடு கேம். எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை. தானாகத் திறந்து நின்றது. கீபோர்டில் விரல் தடிப்புக்குத் தூசி. ஆனால்... நாலு அம்புக்குறிக் கீ மட்டும் பளிச்சென்று இருந்தது. இப்போதுதான் யாரோ விரலை எடுத்த மாதிரி.

ராத்தாவின் மகன் விளையாடியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். ராத்தாவுக்கு மகனே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

லயம் தெரிந்தது. செவ்வாயின் சிவப்பு வானத்துக்குக் கீழே தகரக் கூரைகள். பூதம் ஒன்றுகூட இல்லை. கங்காணியும் இல்லை. வெளியே இவ்வளவு நேரம் காதைக் கிழித்த மேளம், அரோகரா... எதுவும் கேட்கவில்லை.

பழனியின் வீரன் நின்றான். பக்கத்தில் அல்ல. தூரத்தில், கடைசிக் கதவுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு.

அவன் விளையாடுகிறவனை விட்டு விலகவே மாட்டான். பழனி அப்படித்தான் செய்திருந்தான்.

லெட்சுமணன் கீயை அழுத்தினான். நகர முடியவில்லை. மறுபடியும் அழுத்தினான்...

"சோறு ஆறுது, வாடா."

காத்தாயியின் குரல். உயிர் முழுசாக இருந்தது. அந்தக் குரல் வரவே கூடாது.

"வந்துட்டேன்மா."

பழனியின் குரல். இப்படி ஒன்றை அவர்கள் பதியவே இல்லை. பதிந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் லெட்சுமணன் பக்கத்தில் இருந்தவன்.

வீரன் குனிந்தான். துப்பாக்கியைக் கழற்றி, வாசலுக்கு வெளியே சுவரோரமாகச் சாய்த்து வைத்தான். செருப்பைக் கழற்றி வைப்பது போல.

அந்தக் கேமில் துப்பாக்கியைக் கீழே வைக்க முடியாது. வைக்க வழியே இல்லை.

கதவு திறந்தது.

வரைந்த கதவு...

உள்ளே அடுப்பு வெளிச்சம். வீரன் நுழைந்தான். கதவு மூடிக்கொண்டது. துப்பாக்கி மட்டும் வெளியே.

எவ்வளவு நேரம் லெட்சுமணன் அப்படியே இருந்தானோ தெரியாது.

தட்டு ஒன்று தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. அவன் வந்தான். துப்பாக்கியை எடுக்கவில்லை. நேரே திரையைப் பார்த்து நின்றான். தலைக்கவசத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"போறேன்டா லெச்சு."

வாரேன் இல்லை.

திரும்பி நடந்தான். தேயிலைக்குள்... தூரம்... தூரம்...

திரை இருண்டது.

உடனே மேளச் சத்தம் இடி மாதிரி உள்ளே புகுந்தது. எங்கோ வெடி படபடவென்று வெடித்தது. ஷட்டரைத் தூக்கிக்கொண்டு ஜெஸீமா ராத்தா எட்டிப் பார்த்தார்.

"இருட்டுக்குள்ள என்ன தம்பி செய்றீங்க? கரண்ட் இல்ல தானே. தேர் வயருல மாட்டும்னு வெள்ளனவே வெட்டிட்டாங்க."

ஒவ்வொரு வருஷமும் வெட்டுவார்கள். மாத்தளையில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். மறந்தே போயிருந்தான்.

தேர் ரோட்டைத் தாண்டியதும் கரண்ட் வந்தது. மின்விசிறி தானாகச் சுற்றியது. ராத்தாவைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு மெஷினை மறுபடி போட்டான். முக்கி முனகித்தான் எழும்பியது. கேமைத் தேடித் திறந்தான். பூதங்கள் வந்தன, மீசை வந்தது, வீரன் துப்பாக்கியோடு பக்கத்திலேயே ஓடி வந்தான். கடைசிக் கதவு வெறும் படம். மூடும்போது பழனி கலகலப்பாகச் சொன்னான்: "போயிட்டு வாரேன்டா லெச்சு."

அதைத் தன் போனில் பதிந்துகொண்டான் லெட்சுமணன். இதையே காத்தாயிக்குக் கேட்க வைப்போம் என்று பஸ்ஸில் ஏறும்போதே முடிவு கட்டிவிட்டான். பழனியின் சொந்தக் குரல்தானே, பொய்யில்லையே. அவள் நம்பிக்கொண்டு இருக்கட்டும். மற்றதைச் சொன்னால் அந்த மனுஷி தாங்குவாளா? தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

லயத்தின் கடைசி வீடு. கதவு திறந்துதான் இருந்தது. காத்தாயி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். அழுத மாதிரி தெரியவில்லை. லெட்சுமணன் போனை எடுக்கப் பைக்குள் கையை விட்டான்.

"வேணாம்பா," என்றாள். "வந்துட்டுப் போயிட்டான்."

அவன் கை பைக்குள்ளேயே நின்றது.

"டவுன்ல வெடிச் சத்தம் கேட்டிச்சே, அதுக்குக் கொஞ்சம் முந்தி. சோறு ஆறுதேன்னு நெனச்சேன். உள்ள வந்து ஒக்காந்தான். நா நிமுந்து பாக்கல... பாத்தா போயிருவான்னு பயம். தின்னுட்டு எந்திரிச்சான். வாசல்ல நின்னு சொன்னான்."

"என்னா சொன்னான்?"

காத்தாயி அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள்.

"போறேம்மான்னான். வாரேன்னு சொல்லல. இந்தத் தடவ நான் அடிக்கவும் இல்ல."

தரையில் பழனியின் தட்டு கிடந்தது. சோறு இல்லை. விளிம்பில் ஏழெட்டு மிளகாய்த் தோல், ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக நின்றது.

கொழும்பிலிருந்து இன்று வரை ஒரு தகவலும் இல்லை. அமாவாசை அன்று கருமாதி நடந்தது. போனில் பதிந்த குரலை லெட்சுமணன் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. அந்தத் தேர் நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் கேமைப் பற்றி, கரண்ட்டைப் பற்றி எல்லாம் சொல்வான். ஆனால் அவனுக்குக் குலை நடுங்கியது அதிலெல்லாம் இல்லையாம்.

அன்று பொழுது சாய, காத்தாயி அவன் முன்னாலேயே ராத்திரி உலைக்கு அரிசி அளந்தாள். வழக்கம்போல ஒரு பிடி கூடுதலாக அள்ளினாள். கை உலைக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு அந்தப் பிடியைத் திரும்ப அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள்.