பெருவிரல் பெரட்டுக்கு வந்த நாள்

ஆத்தா கோயில்ல கூடியிருக்கிற உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். நான் வாயாடின்னு இந்த நமுனுகுல தோட்டத்து லயத்து வீடுகளுக்கே தெரியும். மாரியாத்தாளையே திட்டினவ நான்.

எழுபத்திநாலாம் வருசம், ஐப்பசி மழை. எம் புருசன் தேயிலை மலையில நிழல் மரத்துக் கிளை வெட்ட ஏறி, வழுக்கி விழுந்துட்டாரு. முதுகெலும்புல அடி. பதுளை ஆஸ்பத்திரியில அவரு காலக் கட்டிப்பிடிச்சு அழுதேன். நான் பிடிச்சதே அவருக்குத் தெரியல. "ஆத்தா, இவர நடக்க வை"ன்னு தினமும் கேட்டேன். ஒண்ணும் நடக்கல. கோபத்துல விளக்கேத்துறதையே நிறுத்திட்டேன்.

அங்க கால் பயிற்சி குடுக்க ஒரு சிங்கள மிஸ் இருந்தாங்க. தெரிஞ்ச தமிழ்ல சொன்னாங்க: "நரம்பு முழுக்க அறுந்து போகல. மண்சரிஞ்சு ரோட்டு மூடினா நீங்க குறுக்கால நடந்து புதுப் பாதை போடுறதுதானே? இதுவும் அப்பிடித்தான். நீங்க அவரு கால மடக்கி நீட்டுங்க. அவரும் மனசால அசைக்கணும். ஒரு நாளும் விடக்கூடாது."

லயத்துக்கு வந்தும் விடாம செஞ்சோம். மனுசன் சலிச்சுப் போயிட்டாரு. அவரச் சிரிக்க வைக்கணுமே. மலைக்குப் போக முன்னாடி, காலையில வேலைக்கு ஆள் பேரு கூப்பிடுற கங்காணி மாதிரி இடுப்புல கை வச்சு நானே பெரட்டு எடுத்தேன். புருசன் பேரச் சொல்லக்கூடாதுல்ல, அதனால கால் விரலக் கூப்பிட்டேன்.

"வலது பெருவிரல்!"

"வரலைங்க கங்காணியம்மா."

"இடது பெருவிரல்!"

"அவனும் லீவுங்க."

விளக்கையும் மறுபடி ஏத்தினேன். நடக்க வைன்னு இப்ப கேக்கல. ஒரே ஒரு விரல அனுப்பு தாயேன்னு கேட்டேன்.

மாசி மாசம் ஒரு காலையில கூப்பிட்டேன். "வரலைங்க"ன்னாரு. எங் கண்ணு அவரு கால்லயே இருந்துச்சு. வலது பெருவிரல் லேசா அசைஞ்சுச்சு. அவருக்கே அது தெரியல.

"பொய் சொல்லாதீங்க. வந்திருக்கு"ன்னேன். ரெண்டு பேரும் அழுதோம். அன்னிக்கு நெசமான பெரட்டுக்கு நான் பிந்திட்டேன். கங்காணி ஏசினாரு. நான் சிரிச்சுக்கிட்டே நின்னேன்.

முழுசா சொகமாயிட்டாருன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு வருசம் ஆச்சு கம்பு ஊணி நடக்க. இடது காலு இன்னும் இழுக்குது. ஆத்தா ஒரேயடியா குடுக்கல, தினம் கொஞ்சமா குடுத்தா. அந்த மிஸ்ஸையும் அவதான் அனுப்பினா. திட்டினதுக்கு மன்னிப்பும் கேட்டுட்டேன். உங்க வீட்டுல யாராச்சும் படுத்துக் கிடந்தா, ஆத்தாகிட்ட கேளுங்க. கேட்டுட்டு அவங்க காலயும் பிடிச்சு விடுங்க.

இன்னிக்குக் கோயில் படியெல்லாம் அவரே ஏறி வந்தாரு. அந்தா, பின்னால தூணப் பிடிச்சு நிக்கிறாரு. எல்லாரும் திரும்பிப் பாருங்க, நான் கூப்பிடுறேன்.

"வலது பெருவிரல்!"

"வந்திருக்குங்க கங்காணியம்மா."