ஒரு வார்த்தை சொல்லாமல் அழித்த வரி

அண்ணா, உன் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. எனக்கு உன் பேரே அண்ணாதான். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணன் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனவன். போட்டில் அவனோடு மூன்று கூட்டாளிகள். நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன். திருவொற்றியூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். ஆள் வராத மதியங்களில் இணையத்தில் இருக்கும் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் படிப்பேன். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எங்கள் குப்பத்துக்கும் ஒரு பக்கம் இருந்தது, மூன்றே வரி. நான் இரண்டு வரி சேர்த்தேன். மறுநாள் பார்த்தால் காணோம். அழுகை வந்துவிட்டது.

ஆனால் அழித்தவர் எனக்கென்று இருந்த பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தார். ‘நீங்கள் எழுதியது பொய் என்று சொல்லவில்லை. எங்கே படித்தீர்கள் என்று காட்டினால் போதும், நானே திரும்பச் சேர்த்துவிடுகிறேன்.’ அவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அவர் எழுதிய அந்த இரண்டு வரிக்காகத்தான் நான் அங்கேயே தங்கினேன். அப்புறம் புதிதாக வருபவர்களுக்கு நானும் அப்படி எழுத ஆரம்பித்தேன். அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தப்பாக எழுதியவரைக் கெட்டவர் என்று எடுத்தவுடன் நினைக்காதீர்கள். இதையே எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று தெரியாது.

காற்று பலமாக அடித்து யாரும் கடலுக்குப் போகாத ஒரு நாளில், வலைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அண்ணனும் கூட்டாளிகளும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“இன்னாமே, ஊரானுக்கெல்லாம் சொல்லித் தர்ற. எங்களுக்கும் சொல்லு, டீச்சரம்மா” என்றான் அண்ணன்.

அவன் போனில் கணக்குத் தொடங்கினோம். போட்டின் பேரையே வைத்தார்கள். போட்டின் பதிவு எண்தான் பாஸ்வேர்டு. நாலு பேருக்கும் அது ஒன்றே.

“ஒரு ஆளுக்கு ஒரு கணக்குண்ணா. நாலு பேர் ஒண்ணுல எழுதக் கூடாது.”

“போட்டு ஒண்ணுதான? நாலு பேருக்கும் நாலு போட்டா கீது?” என்றார் கூட்டாளிகளில் மூத்தவர். எல்லாரும் சிரித்தார்கள். பிடிக்கிற மீனை நாலாகப் பிரித்தாலும் கரையில் போட்டின் பேரைச் சொல்லித்தான் கேட்பார்கள். அவர்களுக்கு அதில் என்ன தப்பு என்று புரியவே இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் வேறு ஊர்க்காரர் ஒருவர் அவர்கள் எழுதிய மீன் பேரைத் திருத்தியிருந்தார். அதற்கு இவர்கள் போட்டிருந்த பதில், “மாமு, நீ கடல பாத்துகீறியா?” நான் தலையில் அடித்துக்கொண்டேன். ‘ஐயா, எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்’ என்று பக்கத்தில் இருந்தே மாற்றி எழுத வைத்தேன். கடைசியில் அலை மாதிரி வளைந்த குறியை நாலு முறை போட்டால் எழுதியவரின் பேரும் நேரமும் தானாக வந்துவிடும். அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. “நாலு அலைய தாண்டுனா பேரு வந்துடுது பாருமே” என்பான்.

அப்புறம் ஒரு நாள் குப்பத்துப் பக்கத்தில் அவனே தனியாக எழுதினான். ஒரு விரலால், வெகுநேரம். ‘முகத்துவாரத்தின் வடக்கு ஓரம் மண் ஏறிக் கிடக்கிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்தப் பக்கம் படகு போனால் தட்டும், அலை புரட்டிவிடும். இது எங்களுக்குத் தெரியும்.’

மறுநாள் கடையில் அதைப் பார்த்தேன். சான்று இல்லை. ‘எங்களுக்குத் தெரியும்’ என்று கலைக்களஞ்சியத்தில் எழுதக் கூடாது. ஒரே அழுத்தில் அழித்தேன்; அழித்தவரின் பேர் அங்கேயே பதிவாகிவிடும். காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டேன். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பத்து வரி எழுதுகிறவள் என் அண்ணனுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. வீட்டில்தானே இருக்கிறான் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டான்.

“எவனோ ஒருத்தன் அழிச்சா கூட சொல்லிட்டு அழிப்பான்னு சொன்னியே. என்னாண்ட சொல்லாம அழிச்சிகினு கீற?”

“நீ வூட்லதான கீற. உனக்கு இன்னாத்துக்கு லெட்டரு? அதுக்குச் சான்று வேணும். பேப்பர்ல வந்திருக்கணும்.”

“நான் தெனம் போய் வர்றேன்மே. பேப்பர்காரனா போறான்?”

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அந்தப் பக்கத்தை அவன் திரும்பத் தொடவே இல்லை. அவன் பேச்சுப் பக்கத்தில் ஏதாவது எழுத வேண்டும் என்று தினமும் நினைப்பேன். கடையில் ஆள் வந்துவிடும். மறந்துவிடுவேன்.

இரண்டு வாரம் கழித்து, விடிந்த பிறகு, கரைக்குத் திரும்பும்போது போட்டின் இன்ஜின் நின்றுவிட்டது. அலை வடக்கு ஓரத்துக்குத் தள்ளியது. மண்ணில் தட்டிப் படகு புரண்டது. மூன்று பேர் நீந்தி வந்தார்கள். அண்ணன் தலையில் அந்தப் படகே அடித்துவிட்டது. அவனை மணலில் கிடத்தியிருந்தார்கள். நான் போனபோது அவன் காதில் மண் இருந்தது. அதை விரலால் எடுத்துக்கொண்டே இருந்தேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து கடைக்குப் போனேன். மதியம் போன் அதிர்ந்தது. குப்பத்துப் பக்கத்தில் யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று வந்தது. திருத்தியது போட்டின் பேரில் இருந்த அண்ணனின் கணக்கு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவன்தான் என்று நினைத்தேன்.

நான் அழித்தது அப்படியே திரும்பி வந்திருந்தது. அடியில் சான்றாக ஒரு பேப்பர் செய்தி. ‘முகத்துவாரத்தில் மண் திட்டில் மோதிப் படகு கவிழ்ந்தது, மீனவர் பலி.’ நான் காலியாக விட்ட காரணக் கட்டத்தில் எழுதியிருந்தது: ‘வணக்கம். கேட்ட சான்றைச் சேர்த்திருக்கிறோம். தப்பு இருந்தால் பேச்சுப் பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லவும்.’

கடையைப் பாதியில் விட்டுவிட்டு வலைக் கொட்டகைக்குப் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். மூத்தவர் போனைத் தரையில் வைத்தார். அது அண்ணனின் போன் இல்லை. அவன் போன் கடலோடு போய்விட்டது.

“நாந்தாம்மா போட்டேன். நம்பர் எங்களுக்கும் தெரியுமே. நீ சொல்லிக் குடுத்த மாறிதான செஞ்சிகீறோம்? சரியாத்தான கீது?”

“சரியா இருக்குண்ணா” என்றேன்.

“அப்ப அழிக்க மாட்டியே?”

அழிக்க மாட்டேன் என்றேன். அன்றைக்கே மூன்று பேருக்கும் தனித்தனிக் கணக்குத் தொடங்கினோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பழைய கணக்கில் இனி யாரும் எழுத முடியாதபடி பூட்டச் சொல்லிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு எழுதினேன். அந்தப் பேரில் இன்னொரு முறை போன் அதிர்ந்தால் என்னால் தாங்க முடியாது.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. ‘இது எங்களுக்குத் தெரியும்’ என்ற வரி. சான்று வந்தாலும் அந்த வரி அங்கே நிற்க முடியாது. நான் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல்கூட எடுக்கலாம். அதனால் பூட்டுவதற்கு முன் அண்ணனின் பேச்சுப் பக்கத்தைத் திறந்து எழுதினேன்.

‘அண்ணா, நீ எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். கடைசி வரியை மட்டும் எடுக்கிறேன். மற்றதெல்லாம் இருக்கும். முதல் முறை சொல்லாமல் அழித்தது என் தப்பு.’

நாலு அலை போட்டேன். என் பேரும் நேரமும் வந்தன. அப்புறம்தான் அந்த வரியை எடுத்தேன். எழுதிவிட்டுப் பதிலுக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். நான் காத்திருக்கவில்லை. முடியவில்லை.

இதைப் படித்தவர்கள் அவரவர் கும்பிடுகிற சாமியிடம் என் அண்ணனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். அவன் போன இடத்தில் படகு தட்டாதபடி தண்ணீர் ஆழமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.